மாலேவிச்சின் கறுப்புச் சதுரம்: இதில் பார்க்க என்ன இருக்கிறது?

நடைபாதை:
வணக்கம் நண்பர்களே. ரஷ்ய ஓவியர் கசிமீர் மாலேவிச்சின் 'கறுப்புச் சதுரம்' பற்றி இங்கே கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். 1915இல் வரைந்தது. நீளம் 79.5 செ.மீ., அகலமும் அதே. ஓரத்தில் வெள்ளை, நடுவில் கறுப்பு, அவ்வளவுதான். நவீன ஓவியம் பற்றி எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் இது வந்துவிடுகிறது.

நான் ரஷ்ய ஓவியர் ரெபினின் ரசிகன். வோல்காவில் படகு இழுக்கும் கூலிகளை அவர் வரைந்த படத்தில், நெஞ்சில் அழுந்தும் வார்ப்பட்டையின் பாரம்கூட நமக்குத் தெரியும். அது 1873இல் முடிந்த படம். அதே நாட்டில் நாற்பது வருஷத்தில் கலை எப்படி இந்தச் சதுரத்துக்கு வந்து சேர்ந்தது? சண்டைக்காகக் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் விளக்கினால் நிதானமாகப் படித்துக்கொள்வேன்.

கோட்டோவியர்:
பள்ளியில் ஓவியம் சொல்லித்தருகிறேன். பிள்ளைகளும் இதையேதான் கேட்பார்கள். அவர்களுக்கு நான் முதலில் சதுரத்தைக் காட்டுவதில்லை. ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைக் காட்டுவேன். நீங்களும் இணையத்தில் தேடிப் பாருங்கள்.

1915 டிசம்பர், பெத்ரோகிராத் நகரம் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்). மார்ஸ் திடலை ஒட்டி நதேழ்தா தோபிச்சினா நடத்திய கலைக்கூடத்தில் '0,10' என்ற கண்காட்சி. 14 பேர் கலந்துகொண்டார்கள். மாலேவிச் மட்டும் 39 படங்கள் வைத்தார். புகைப்படத்தில் அவருடைய அறை தெரிகிறது. படங்கள் வரிசை பார்த்து மாட்டப்படவில்லை, மேலும் கீழுமாகச் சுவரில் ஏறி நிற்கின்றன. பக்கத்தில் எண் எழுதிய சின்னத் தாள்கள், கீழே ஒரு நாற்காலி. இப்போது மேலே பாருங்கள். இரண்டு சுவர்கள் சேரும் மூலையில், கூரைக்குக் கொஞ்சம் கீழே, குறுக்காக மாட்டியிருக்கிறது கறுப்புச் சதுரம்.

அந்த மூலையில்தான் விஷயமே இருக்கிறது. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் வீடுகளில் திருவுருவப் படத்தை அங்கேதான் வைப்பார்கள். வீட்டுக்குள் வருகிறவர் முதலில் அந்தப் பக்கம் பார்த்துச் சிலுவைக் குறி இட்டுக்கொள்வார், அதற்குப் பிறகுதான் வீட்டாரிடம் பேசுவார். நம் வீட்டுச் சாமி மாடத்தில் இருந்த படத்தை எடுத்துவிட்டு வெறும் கறுப்புப் பலகையை வைத்தால் பாட்டிக்கு எப்படி இருக்கும்? பெத்ரோகிராத்தில் வந்து பார்த்தவர்களுக்கு அப்படித்தான் இருந்தது. அலெக்சாந்தர் பெனுவா என்ற பெரிய விமர்சகர் கோபமாக எழுதினார். மாதாவின் படத்துக்குப் பதிலாக இதை வணங்கச் சொல்கிறார்கள் என்பதுதான் அவர் குற்றச்சாட்டு. என்னைக் கேட்டால் ரசிகர்களைவிட அந்த எதிரிதான் படத்தைச் சரியாகப் புரிந்துகொண்டார். மாலேவிச்சும் 1916இல் அவருக்குப் பதில் கடிதம் எழுதினார்.

வெளியே முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அடுத்த வருஷம் மாலேவிச்சையும் படையில் சேர்த்துவிட்டார்கள். கலை இத்தனை காலம் அரசனுக்கும் மதத்துக்கும் பொருட்களுக்கும் வேலை செய்தது போதும், அதைத் தனியாக நிற்க விட வேண்டும் என்பது அவருடைய வாதம். தன் வழிக்கு சுப்ரிமாட்டிசம் என்று பெயர் வைத்தார். கூடவே காட்சிக்கு வைத்த ஓவியர்கள் பலருக்கே அந்தப் பெயர் பிடிக்கவில்லை. 'இதில் பார்க்க என்ன இருக்கிறது' என்ற உங்கள் கேள்வியை அவர்களும் கேட்டிருப்பார்கள்.

நடைபாதை:
மிக்க நன்றி சார். புகைப்படத்தைத் தேடிப் பார்த்தேன், மூலை விஷயம் நன்றாகப் புரிந்தது. ஆனால் ஒரு சந்தேகம். இடம்தான் அர்த்தம் தருகிறது என்றால், இன்றைக்கு மாஸ்கோ த்ரெத்யாகோவ் காட்சிக்கூடத்தில் வேறு படங்களைப் போலச் சுவரில் தொங்கும்போது அதில் என்ன மிஞ்சுகிறது? அப்புறம், 2015இல் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து ஏதோ பழைய பாரிஸ் நகைச்சுவையின் வரி எழுதியிருப்பதாகச் சொன்னார்களே. அப்படியானால் முழுக்க ஒரு கேலிதானா?

கோட்டோவியர்:
இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். பெரிதாக்கக்கூடிய நல்ல படம் ஒன்றை எடுத்துக்கொண்டு மெதுவாகப் பாருங்கள். பக்கங்கள் அளவுகோல் வைத்துப் போட்டவை இல்லை. எந்தப் பக்கமும் துணியின் ஓரத்துக்குச் சரியான இணையாக ஓடவில்லை. கறுப்பு முழுக்க வலைபோல் வெடிப்பு. அந்த வெடிப்புகளின் வழியே அடியிலிருந்து வேறு நிறங்கள் எட்டிப் பார்க்கின்றன. கீழே இருந்த வண்ணம் நன்றாகக் காயும் முன்பே மேலே கறுப்பை ஏற்றியிருக்கிறார். எண்ணெய் வண்ணத்தில் கை வைத்தவர்களுக்குத் தெரியும், அடுக்கு காயாமல் மேல் அடுக்கு போட்டால் பின்னால் வெடிக்கும். மாலேவிச்சுக்கும் தெரியும். கை பொறுக்கவில்லை.

த்ரெத்யாகோவ் ஆய்வாளர்கள் 2015இல் சொன்னது என்னவென்றால், சதுரத்துக்கு அடியில் இரண்டு வண்ணப் படங்கள் இருக்கின்றன. ஒன்று, பொருளைத் துண்டு துண்டாக உடைத்துக் காட்டும் கியூபிசமும் வேகத்தைக் காட்டும் ஃப்யூச்சரிசமும் கலந்த பாணி. அதன்மேல் இன்னொன்று, சுப்ரிமாட்டிசத்தை நெருங்கி வருவது. இரண்டையும் மூடித்தான் கறுப்பு வந்திருக்கிறது. வெள்ளை ஓரத்தில் மங்கலான எழுத்துகளும் கிடைத்தன. பாரிஸில் 1882இல் ஒரு நகைச்சுவைக் குழு முழுக் கறுப்புப் படம் ஒன்றைக் காட்சிக்கு வைத்து, கறுப்பின மக்களைக் கேலி செய்யும் மட்டமான தலைப்பு கொடுத்திருந்தது. பின்னர் அல்ஃபோன்ஸ் அலே என்ற பிரெஞ்சு நகைச்சுவை எழுத்தாளர் அதைத் தன் தொகுப்பில் திரும்ப வெளியிட்டார். அந்த எழுத்துகள் இந்தக் கேலியைக் குறிப்பதாக ஆய்வாளர்கள் படித்தார்கள். எழுதியது மாலேவிச்சின் கைதானா என்பதில் எல்லோரும் ஒத்துப்போகவில்லை.

சரி, அவரே எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். கேலி செய்தவர்கள் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். இவர் இருபது வருஷம் அதை விடவில்லை. அதே சதுரத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார், நான்கு படங்கள் இன்றும் இருக்கின்றன. 1913இல் 'சூரியனை வென்றோம்' என்ற இசை நாடகத்துக்குத் திரைச்சீலை வரைந்தபோதே சதுரம் பிறந்துவிட்டது என்று சொல்லி, படத்துக்கு 1913 என்று முன்தேதி போட்டார். கடைசிக் காலத்தில், 1933இல், மறுமலர்ச்சிக் கால உடையில் தன் முகத்தையே வரைந்தார். கீழே கையெழுத்துக்குப் பதில் குட்டியாக ஒரு கறுப்புச் சதுரம். 1935இல் இறந்தபோது படுக்கைக்கு மேல் கறுப்புச் சதுரம்தான் மாட்டியிருந்தது. ஊர்வல வண்டியின் முகப்பிலும் சதுரம், மாஸ்கோ பக்கத்து நெம்சினோவ்கா கிராமத்துப் புதைகுழி மேலும் சதுரம். இரண்டாம் உலகப் போரில் அந்தக் குழியின் அடையாளமே அழிந்துபோனது. ஒரு மனிதன் ஒரு கேலியோடு இவ்வளவு தூரம் நடக்க மாட்டான்.

கயல்விழி:
சார், அடுத்த அறையை விட்டுவிட்டீர்களே! நான் கட்டடக்கலை படிக்கிறேன். எங்களுக்கு 0,10 என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதே கண்காட்சியில் இருந்த இன்னொரு கலைஞர், விளாதிமிர் தாத்லின்.

தாத்லின் கப்பலில் வேலை பார்த்தவர். 1914இல் பாரிஸ் போய்ப் பிக்காசோவின் பட்டறையைப் பார்த்தார். தகடு, அட்டை, கம்பி கொண்டு பிக்காசோ செய்த கிட்டார்கள் அவரைப் பிடித்து உலுக்கிவிட்டன. ஊர் திரும்பி அவர் செய்ததுதான் 'எதிர்ப் புடைப்பு' வரிசை. இரும்புத் தகடு, துத்தநாகம், மரத்துண்டு, கயிறு. ஒன்றன்மேலும் படம் கிடையாது, வண்ணத்தால் எதையும் மறைப்பதும் கிடையாது. இரும்பு இரும்பாகவே நிற்கும். கயிற்றின் இழுவிசையில்தான் அத்தனையும் தொங்கும். அவிழ்த்தால் விழுந்துவிடும்.

எனக்குப் பிடித்த விஷயம் என்ன தெரியுமா? தாத்லினும் மூலையைத்தான் எடுத்துக்கொண்டார். இரண்டு சுவருக்கு நடுவே கயிறு கட்டித் தகடுகளை அந்தரத்தில் நிறுத்தினார். ஒரே கண்காட்சியில் இரண்டு பேர், இரண்டு மூலைகள். ஒருவர் அங்கே பொருளே இல்லாத ஒன்றை வைக்கிறார். இன்னொருவர் பொருளைத் தவிர வேறெதையும் வைக்கவில்லை. இருவருக்கும் சண்டை முற்றிப்போய்த் தாத்லினும், பப்போவா, உதால்த்ஸோவா என்ற இரண்டு பெண் ஓவியர்களுமாக மூவரும் தங்கள் அறையைப் பிரித்துக்கொண்டு 'தொழில்முறை ஓவியர்களின் கண்காட்சி' என்று எழுதி மாட்டிவிட்டார்கள்.

அந்தக் கயிறும் தகடும் நாலைந்து வருஷத்தில் எங்கே போய் நின்றன என்று பாருங்கள். மூன்றாம் அகிலத்துக்கான (உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பு) நினைவுச்சின்னம், 400 மீட்டர் உயரத்தில் திட்டமிட்ட இரும்புக் கோபுரம். அப்போது உலகத்தில் அவ்வளவு உயரமான எதுவும் இல்லை. வெளியே சாய்ந்து சுருண்டு ஏறும் சட்டகம், உள்ளே கண்ணாடியாலான அறைகள். கீழே உள்ள கனசதுரம் வருஷத்துக்கு ஒரு சுற்று, அதற்கு மேல் பிரமிடு மாதத்துக்கு ஒரு சுற்று, அதற்கும் மேல் உருளை நாளுக்கு ஒரு சுற்று. 1920 நவம்பரில் பெத்ரோகிராத்தில் மரத்தால் செய்த மாதிரியை வைத்தார்கள், அப்புறம் மாஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள். உள்நாட்டுப் போரில் ரொட்டிக்கே தட்டுப்பாடு, இரும்புக்கு எங்கே போவது? கட்டவே இல்லை. மூல மாதிரியும் இன்று இல்லை. ஆனாலும் எங்கள் வகுப்பில் சுமை எப்படி இறங்கும் என்று அதைக் கணக்குப் போட்டுப் பார்க்காதவர்கள் குறைவு.

மாலேவிச்சைவிட எனக்குத் தாத்லின் பக்கம்தான் மனசு. தொட்டுப் பார்க்க முடிகிறது.

சாயப்பட்டறை:
தங்கச்சி பப்போவா பேரைச் சொன்னதும் வந்துவிட்டேன். ஈரோட்டில் துணி பிரிண்டிங் டிசைன் போடுகிறேன். ல்யூபொவ் பப்போவா, வர்வாரா ஸ்தெபானோவா இரண்டு பேரும் இந்தத் தொழிலுக்கு வந்த கதையை முழுசாகச் சொல்லாமல் இந்த இழை முடியக் கூடாது.

1921இல் மாஸ்கோவில் '5x5=25' என்று ஒரு கண்காட்சி. ஐந்து பேர், ஆளுக்கு ஐந்து படைப்பு. அதில் ரோத்சென்கோ என்ற ஓவியர் வைத்தது மூன்று ஓவியத் துணிகள்: ஒன்று முழுக்கச் சிவப்பு, ஒன்று முழுக்க மஞ்சள், ஒன்று முழுக்க நீலம். ஓவியம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். இனிமேல் கலைஞன் தொழிற்சாலைக்குப் போய் மக்கள் பயன்படுத்தும் பொருளைச் செய்ய வேண்டும் என்றார்கள். நிறையப் பேர் சொன்னதோடு சரி. மாஸ்கோவின் முதல் அரசுத் துணி அச்சு ஆலைக்கு நிஜமாகவே வேலைக்குப் போனவர்கள் இந்த இரண்டு பெண்கள்தான். 1923, 24 இல்.

அவர்கள் டிசைனைத் தொழில் கண்ணோடு பாருங்கள். அதற்கு முன் அங்கே ஓடியதெல்லாம் பூ. பூ டிசைனில் ரிப்பீட், அதாவது திரும்பத் திரும்ப வரும் கட்டம், எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்பதை இலையையும் கொடியையும் வைத்து மறைத்துவிடலாம். நாங்கள் இன்றைக்கும் அதைத்தான் செய்கிறோம். இவர்கள் காம்பஸையும் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு வட்டம், கோடு, முக்கோணம் என்று போட்டார்கள். ரிப்பீட்டை மறைக்க இடமே இல்லை, ஒரு நூல் தப்பினாலும் பத்து மீட்டருக்கும் பல்லிளிக்கும். நிறமும் பெரும்பாலும் இரண்டு, மூன்றுதான். எங்கள் தொழிலில் ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஸ்கிரீன், ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் ஒரு செலவு. இரண்டே கலரில் துணியை அசைய வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஸ்தெபானோவாவின் சில டிசைன்களில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் வட்டம் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று கண் தடுமாறும். உடுத்தி நடந்தால் இன்னும் அசையும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படம் வரைந்து கொடுத்துவிட்டுப் போகிறவர்களாக மட்டும் எங்களை வைக்காதீர்கள், உற்பத்தி முடிவுகளிலும் சாயக்கூடத்திலும் எங்களுக்கு இடம் வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். நூறு வருஷம் ஆயிற்று. பல பட்டறைகளில் டிசைனருக்கு இன்னும் அந்த இடம் கிடைக்கவில்லை.

தன் ஓவியத்துக்குக் கிடைத்த எந்தப் புகழையும்விட, தன் துணியை ஒரு உழைக்கும் பெண் காசு கொடுத்து வாங்கியதைப் பார்த்ததுதான் பப்போவாவுக்கு நிறைவு தந்ததாம். 1924இல் முதலில் மகன், அடுத்து அவரும், செங்காய்ச்சலில் போய்விட்டார்கள். அவருக்கு 35 வயது.

சிவப்பு மை:
எல்லாரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தலைமுறைக்கு ரஷ்யாவைக் காட்டியது முன்னேற்றப் பதிப்பகமும் நியூ செஞ்சுரி புத்தக நிறுவனமும். கெட்டி அட்டை, நல்ல தாள், கையில் இருக்கும் காசுக்குள் விலை. கார்க்கியும் தல்ஸ்தோயும் அப்படித்தான் எங்கள் வீடுகளுக்கு வந்தார்கள். அந்தக் கடனை நான் மறக்க மாட்டேன். ஆனால் நான் வாங்கிச் சேர்த்த எந்தப் புத்தகத்திலும் மாலேவிச்சோ பப்போவாவோ இல்லை. ஐம்பது வயதுக்கு மேல்தான் அவர்கள் பேரையே கேள்விப்பட்டேன். அதற்குக் காரணம் உண்டு, அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது.

புரட்சி நடந்த புதிதில் இவர்களுக்குத்தான் ராஜ மரியாதை. லுனாசார்ஸ்கியின் கல்வி ஆணையகத்தில் கலைப் பிரிவு இவர்கள் கையில் இருந்தது. அரசே இவர்கள் படங்களை வாங்கிப் பல மாகாண அருங்காட்சியகங்களுக்கு அனுப்பியது. உலகத்தில் வேறெந்த அரசும் அன்று இதைச் செய்யவில்லை. அப்புறம் காற்று மாறியது. மாலேவிச் நடத்திய லெனின்கிராத் (பழைய பெத்ரோகிராத்) கலை ஆய்வு நிறுவனத்தை 1926இல் மூடினார்கள். 1930இல் அவரைக் கைது செய்து விசாரித்தார்கள். 1932 ஏப்ரலில் ஒரே ஆணையில் எல்லாக் கலைக் குழுக்களையும் கலைத்தார்கள். 1934க்குப் பிறகு சோசலிச யதார்த்தவாதம், அதாவது ஆட்சியின் கொள்கையைப் போற்றும் நிஜம்போன்ற படங்கள், ஒன்றுதான் வழி. மாலேவிச்சின் மாணவர் குஸ்தாவ் க்ளுட்சிஸ் ஸ்தாலினுக்காகவே போஸ்டர் செய்தவர், அவரை 1938இல் சுட்டுக் கொன்றார்கள். பப்போவா யாருடைய நாடகத்துக்கு மேடை அமைத்தாரோ அந்த நாடக இயக்குநர் மேயர்ஹோல்டை 1940இல். இவர்களுக்காக வாதாடிய விமர்சகர் பூனின் 1953இல் முகாமிலேயே இறந்தார். நான் நம்பிய ஒரு நாடு தன் மிகத் துணிச்சலான பிள்ளைகளை இப்படி நடத்தியது. இதை எழுதும்போது கை கனக்கிறது.

கயல்விழி:
ஐயா, நீங்கள் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இவர்கள் கை முழுச் சுத்தமா? இன்றைய பெலாரூஸில் இருக்கும் விதெப்ஸ்க் கதையைப் பாருங்கள். அந்த ஊரில் கலைப்பள்ளியைத் தொடங்கியது அந்த ஊர்க்காரரான ஓவியர் மார்க் ஷகால். எல்லா வகை ஓவியர்களும் வந்து சொல்லித்தர வேண்டும் என்பது அவர் ஆசை. 1919 கடைசியில் மாலேவிச் வந்தார். சில மாதங்களில் 'உனோவிஸ்' என்ற குழு, சட்டைக் கையில் கறுப்புச் சதுரம் தைத்துக்கொண்ட மாணவர்கள், ஒரே வழி, ஒரே ஆசான். ஷகாலின் மாணவர்களே அந்தப் பக்கம் போய்விட்டார்கள். 1920 ஜூனில் ஷகால் தான் தொடங்கிய பள்ளியைவிட்டே கிளம்பினார்.

ரோத்சென்கோ 1933இல் வெண்கடல் கால்வாய்க்குப் போய் எடுத்த புகைப்படங்களையும் பாருங்கள். கைதிகள் ஆயிரக்கணக்கில் செத்துப்போன வேலை அது. படங்களில் அது ஒரு பெரிய சாதனை. உலகம் முழுவதையும் ஒரே வடிவத்தில் மாற்றிவிடலாம் என்ற ஆசையை அரசுக்கு முதலில் காட்டியவர்களே இந்தக் கலைஞர்கள்தான் என்று ஒரு வாதம் உண்டு. எனக்கு அதில் பாதியாவது உண்மை தெரிகிறது.

சாயப்பட்டறை:
தங்கச்சி, ரோத்சென்கோ விஷயத்தில் நான் வாதாட வரவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒருத்தரை ஓரம் கட்டுவதும், சுட்டுக் கொல்வதும் ஒரே தராசில் ஏறாது. விதெப்ஸ்க் மாணவர்கள் என்ன செய்தார்கள்? பஞ்ச காலத்தில் ஊரின் செங்கல் சுவர்களுக்கு வெள்ளை அடித்து, அதன்மேல் பச்சை வட்டம், ஆரஞ்சுச் சதுரம், நீலச் செவ்வகம் வரைந்தார்கள். அந்த ஊர் வழியாகப் போன திரைப்பட இயக்குநர் ஐசன்ஸ்டைன் அதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். அந்தச் சுவருக்கும் கால்வாய்க்கும் நேர்க்கோடு போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆசை பெரிதாக இருந்தது குற்றம் என்றால் எந்தக் கலைஞனும் தப்ப மாட்டான்.

கோட்டோவியர்:
இரண்டு பேரும் சொல்வதற்கு நடுவே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விதெப்ஸ்கில் ஷகால் தோற்றார், ஆனாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு மாஸ்கோ போய் வரைய முடிந்தது. போவதற்கு இன்னொரு இடம் இருந்தது. 1932க்குப் பிறகு அந்த இன்னொரு இடம் இல்லை. எல்லாக் குழுக்களும் நானே சரி என்று சண்டை போட்டன, தாத்லினும் மாலேவிச்சும் ஒருவரையொருவர் பொறுக்கவே இல்லை. ஆனால் இருவரும் ஒரே கண்காட்சியில் ஆளுக்கொரு மூலை எடுத்துக்கொள்ள முடிந்தவரை கலை நடந்தது. அதனால் கயல்விழி சொல்லும் பாதி உண்மையை நான் கால்வாசியாக ஏற்றுக்கொள்கிறேன். அதற்கு மேல் முடியவில்லை.

நடைபாதை:
நான் ஒரு சதுரத்தைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் ஒரு யுகத்தையே கொண்டுவந்துவிட்டீர்கள். எல்லாருக்கும் நன்றி. இன்னும் இரண்டு கேள்விதான். இவ்வளவு அழிவுக்கு நடுவில் இந்தப் படங்கள் எப்படிப் பிழைத்தன? இந்த அலை இந்தியப் பக்கம் ஏதாவது வந்ததா?

சிவப்பு மை:
கொஞ்சம் வெளிநாட்டில் பிழைத்தது. மாலேவிச் 1927இல் பெர்லினில் காட்சிக்கு வைத்த படங்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தார், திரும்பப் போக முடியவில்லை. அவற்றில் பெரும்பகுதி இன்று ஆம்ஸ்டர்டாம் ஸ்டெடெலிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்றபடி சோவியத் அருங்காட்சியகங்களின் கிடங்குகளில் யார் கண்ணிலும் படாமல் கிடந்தன. அவற்றை எரிக்காமல் பத்திரமாக வைத்திருந்த ஊழியர்களுக்குக் கும்பிடு போட வேண்டும்.

அப்புறம் ஜார்ஜ் கோஸ்தாகிஸ். மாஸ்கோவில் கனடா தூதரகத்தில் வேலை பார்த்த கிரேக்கர். 1946 வாக்கில் தொடங்கி, யாரும் சீந்தாத இந்தப் படங்களை வீடு வீடாகத் தேடிச் சேர்த்தார். ஒரு வீட்டில் பப்போவாவின் ஒட்டுப்பலகை ஓவியம் ஒன்றை ஜன்னலில் அடித்து மூடியிருந்தார்கள். அதைக் கேட்டபோது, எடுத்துக் கொடுத்தால் மழைத்தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்று வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். கோஸ்தாகிஸ் அதே அளவில் வேறு பலகை தேடிக் கொண்டுபோய்க் கொடுத்து அதை வாங்கினார். 1977இல் நாட்டைவிட்டுப் போகும்போது பெரும் பங்கைத் த்ரெத்யாகோவுக்குக் கொடுத்தார். மீதியில் பெரும்பகுதி இப்போது கிரீஸில், தெஸ்ஸலோனிகியில்.

கயல்விழி:
இந்தியா பற்றி நான் சொல்கிறேன். நேரடியாக இவர்கள் வரவில்லை, பக்கத்து வாசல் வழியாக ஒருவர் வந்தார். ரஷ்ய ஓவியர் வசீலி கந்தீன்ஸ்கி 1921 கடைசியில் மாஸ்கோவைவிட்டு ஜெர்மனி போய், பவ்ஹவுஸ் பள்ளியில் ஆசிரியரானார். 1922 டிசம்பரில் கல்கத்தாவில், கீழைக் கலைக்கான இந்தியச் சங்கம் நடத்திய கண்காட்சியில் பவ்ஹவுஸ் ஓவியர்களின் படங்கள் வைக்கப்பட்டன. கந்தீன்ஸ்கி, க்ளே இருவரின் படங்களும் அதில் இருந்தன. ஏற்பாட்டில் முக்கியமானவர் கலை வரலாற்று அறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ். ககனேந்திரநாத் தாகூரின் கியூபிச ஓவியங்களும் அதே கண்காட்சியில் இருந்தன. இது தனி இழையாகப் பேச வேண்டிய விஷயம்.

கோட்டோவியர்:
தொடங்குங்கள் அம்மா, நான் வருகிறேன். நடைபாதை, நீங்கள் ரெபின் ரசிகர் என்றீர்களே, ரெபினை விடாதீர்கள். ஆனால் மாலேவிச்சை 1915 சதுரத்தோடு நிறுத்திவிடாமல், 1918இல் வரைந்த 'வெள்ளை மேல் வெள்ளை'யைப் பாருங்கள், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத் தளத்தில் நல்ல படம் இருக்கிறது. அதற்குப் பிறகு 1930களில் அவர் வரைந்த விவசாயிகளைப் பாருங்கள். வண்ண வண்ணச் சட்டை, பின்னால் பட்டை பட்டையாக வயல், சிலருக்கு முகத்தில் கண்ணும் இல்லை வாயும் இல்லை. கிராமங்களில் கூட்டுப்பண்ணையும் பஞ்சமும் வந்த வருஷங்கள் அவை. பார்த்துவிட்டு என்ன தோன்றுகிறது என்று இங்கேயே எழுதுங்கள்.